பாங்காக்கில் முதல் மாதம்: கும்பிடு, பேச்சு, கோயில், சாப்பாடு

பாங்காக்கின் பெரிய விமான நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. டாக்சி ஓட்டுநரிடம் அப்படியே சொன்னால் ‘எங்கே?’ என்று திரும்பக் கேட்பார். ‘ஸுவன்னபூம்’ என்றால் வண்டி நகரும். தாய்லாந்துக்குப் புதிதாகப் போகும் நம் ஆட்கள் தடுக்குவது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான். தெரிந்த சொல், தெரிந்த சாமி, தெரிந்த கும்பிடு என்று நினைத்துக் காலை வைப்போம். படி அரையடி தள்ளி இருக்கும். வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்கள் முதல் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ள வேண்டியவற்றை, தேவைப்படும் வரிசையில் இங்கே சொல்கிறோம்.

கை கூப்புவது

இதை அங்கே ‘வாய்’ என்பார்கள். நம் வணக்கம் மாதிரிதான், ஆனால் உயரக் கணக்கு உண்டு. சம வயதினருக்குக் கட்டைவிரல் நுனி மோவாயைத் தொட வேண்டும். பெரியவர், ஆசிரியர், மேலதிகாரிக்கு மூக்கு நுனியை. பிக்குவுக்கும் புத்தர் சிலைக்கும் கட்டைவிரல் இரு புருவங்களுக்கு நடுவே வர வேண்டும். விரல் நுனிகள் நெற்றி மயிர் தொடங்கும் இடத்துக்குப் போய்விடும். கை மேலே ஏறுவதைவிடத் தலை கீழே இறங்குவதே சரியான முறை. முழங்கையை இறக்கை மாதிரி விரிக்காதீர்கள்.

சிறியவர் முதலில் கும்பிட வேண்டும், பெரியவர் திரும்பக் கும்பிடுவார். கடைப் பணியாளர், உணவகத்தில் பரிமாறுபவர், குழந்தை இவர்கள் கும்பிட்டால் புன்னகையோடு தலையசைத்தால் போதும். நாமே முந்திக்கொண்டு கும்பிட்டால் அவர்களுக்குத்தான் சங்கடம். பிக்கு திரும்பக் கும்பிட மாட்டார்; அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கும்பிடும்போது சொல்வது ‘ஸவத்தீ’. ஸ்வஸ்தி என்ற சொல்லிலிருந்து 1930களில் சுலாலங்கொன் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் ஆக்கிய வாழ்த்து இது. இதற்குப் பின்னால் ஆண்கள் ‘க்ரப்’ என்றும் பெண்கள் ‘க’ என்றும் சேர்க்க வேண்டும். கேட்பவர் ஆணா பெண்ணா என்பது கணக்கில்லை. பேசுபவர் யார் என்பதே கணக்கு. கடைக்காரப் பெண்களிடம் கேட்டுக் கேட்டு மொழி கற்ற ஆண்கள் ‘ஸவத்தீ க’ என்று சொல்லிக்கொண்டு திரிவது அங்கே பழைய வேடிக்கை.

பெயரும் உறவும்

தாய்லாந்துக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் வந்ததே 1913இல், அரசர் ஆறாம் ராமா கொண்டுவந்த சட்டத்தால். இன்றும் முதல் பெயரைத்தான் கூப்பிடுவார்கள், முன்னால் ‘குன்’ சேர்த்து. இனிஷியலோடு வளர்ந்த நமக்கு இது நிம்மதி. சிக்கல் உச்சரிப்பில். அந்த மொழியில் சொல்லின் கடைசியில் ல், ர் வந்தால் ‘ன்’ ஆகும். ஸ், ஷ் வந்தால் ‘த்’ ஆகும். கமல் ‘கமன்’ ஆவார், ரமேஷ் ‘ரமேத்’ ஆவார். திருத்திக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ஒவ்வொருவருக்கும் ‘ச்சூ லென்’ என்ற செல்லப்பெயர் உண்டு, பெரும்பாலும் ஓரசைச் சொல். அலுவலகத்தில்கூட அதுதான் புழங்கும். நீங்களும் போன முதல் வாரத்திலேயே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவர்களே வைத்துவிடுவார்கள்.

மூத்தவரை அண்ணன், அக்கா என்ற வேறுபாடில்லாமல் ‘பீ’ என்று அழைக்க வேண்டும். நம் காதுக்குக் கூச்சமாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். இளையவர் ‘நோங்’. அதற்கு மேல் வயதானவர்களுக்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. அப்பா அம்மாவைவிட மூத்த ஆண் ‘லுங்’, மூத்த பெண் ‘பா’. இதில் தாய் வழி, தந்தை வழி பார்ப்பதில்லை. இளையவர் என்றால் வழி பார்ப்பார்கள், ஆண் பெண் பார்க்க மாட்டார்கள்: அம்மாவின் தம்பியும் தங்கையும் ‘நா’, அப்பாவின் தம்பியும் தங்கையும் ‘ஆ’. மாமாவும் சித்தியும் ஒரே சொல், சித்தப்பாவும் அத்தையும் ஒரே சொல் என்று வைத்துக்கொள்ளலாம். தெருவில் இட்லி மாதிரி எதையோ வேகவைத்து விற்கும் அம்மாவை ‘பா’ என்றால் மகிழ்வார். நாற்பது வயதுக்காரரை ‘பா’ என்றால் முறைப்பார். ஐயமாக இருந்தால் ‘பீ’ என்பதே பாதுகாப்பு.

பேச்சு: மூன்று பா, ஐந்து மா

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

முதல் தடை மூச்சு. தமிழில் ஒரு ‘பா’ எழுதுகிறோம். அங்கே மூன்று இருக்கின்றன. மேலே சொன்ன பெரியம்மா ‘பா’, ‘பல்’லின் ப மாதிரி, காற்று வெளியே வராமல். துணி என்று பொருள்படும் ‘பா’வில் காற்று பீறிட வேண்டும். பைத்தியம் என்று பொருள்படும் ‘பா’, ‘பஸ்’ஸில் வரும் ப. மூன்றுக்கும் சுருதிகூட, அதாவது குரலின் ஏற்ற இறக்கம்கூட, ஒன்றுதான், அதனால் தப்பிக்க வழியே இல்லை. உள்ளங்கையை வாய்க்கு முன் இரண்டு விரல் தூரத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். முதல் பா சொல்லும்போது கையில் எதுவும் படக்கூடாது, துணி சொல்லும்போது சூடான காற்று பட வேண்டும். க, த, ச வரிசையிலும் இதே காற்று வேறுபாடு உண்டு. தெலுங்கோ இந்தியோ தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டம் சுலபம். சொல்லின் முதலில் வரும் ‘ங’ மட்டும் எல்லோருக்கும் புதிது: வேலை ‘ஙான்’, பாம்பு ‘ஙூ’. ‘அங்ஙான்’ என்று சொல்லிவிட்டு முன்னால் உள்ள அ-வை வெட்டிவிடுங்கள், வந்துவிடும்.

இரண்டாம் தடை சுருதி. ஐந்து இருக்கின்றன: சமன், தாழ்வு, இறங்குவது, உயர்வு, ஏறுவது. ‘மா’ சமமாகச் சொன்னால் வருவது, உயர்த்திச் சொன்னால் குதிரை, ஏற்றிச் சொன்னால் நாய். ‘க்லை’ சமமாகச் சொன்னால் தூரம், இறக்கிச் சொன்னால் பக்கம். வழி கேட்கிறவருக்கு இது ஒன்று போதும் தலைசுற்ற.

தமிழர்களுக்கே உரிய தவறு ஒன்று. கேள்வி கேட்கும்போது நாம் கடைசி அசையை மேலே இழுப்போம். ‘நீங்கள் வருகிறீர்களா’ என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு ‘குன் மா?’ என்று இழுத்தால், மா ஏறிவிடும், எதிரில் இருப்பவரை நாய் என்று சொன்னதாகிவிடும். அங்கே கேள்விக்குத் தனிச் சொல் இருக்கிறது: ‘குன் மா மை’. மா சமமாகவே இருக்கட்டும், கேள்வியை ‘மை’ பார்த்துக்கொள்ளும். கோபம், ஆச்சரியம், கெஞ்சல் எதையும் குரலின் ஏற்ற இறக்கத்தில் காட்டாதீர்கள். அதற்கும் சின்னச் சின்ன ஒட்டுச்சொற்கள் உண்டு. ‘நா’ சேர்த்தால் பேச்சு மென்மையாகும். முதல் மாதத்துக்கு அது ஒன்று போதும்.

நமக்குச் சாதகமானவையும் உண்டு. குறில் நெடில் அங்கேயும் பொருளை மாற்றும், அதில் நாம் தவற மாட்டோம். சொற்களில் கணிசமானவை வடமொழியும் பாலியும்: ஆசிரியர் ‘ஆஜான்’, மொழி ‘பாஸா’, உணவு ‘ஆஹான்’, நகரம் ‘நகோன்’. கடைசி ர் ‘ன்’ ஆகும் விதியைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பெயர்ப்பலகைகள் தாமாகத் திறக்கும்.

எழுத்தை ஒத்திப்போடாதீர்கள். பழைய கெமர் வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து வந்தது அது. க வரிசை ங-வில் முடியும், பிறகு ச வரிசை என்று நம் வரிசையே. ஏ, ஐ, ஓ ஒலிகளுக்கான குறிகள் மெய்க்கு முன்னால் நிற்கும்; ‘கெ’, ‘கை’ எழுதிப் பழகிய கண்ணுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஐரோப்பியர்கள்தான் திணறுவார்கள். மெய்யெழுத்து 44, அதில் 2 வழக்கொழிந்தவை. மெய்கள் நடு, உயர், தாழ் என்று மூன்று வகுப்பு. வகுப்பைப் பொறுத்துச் சுருதி மாறும். நடு வகுப்பில் 9 எழுத்து, அதில் 2 அரிது. அந்த ஏழிலிருந்து தொடங்குங்கள். காரணம், நெடிலில் முடியும் அசைகளில் சுருதிக்குறி நான்கும் தம் பெயருக்கு ஏற்ப ஒவ்வொரு சுருதி தருவது அந்த வகுப்பில்தான். குறிகளின் பெயர் ஏக், தோ, த்ரீ, சத்தவா. ஒன்று இரண்டு மூன்று நான்குதான். அகரவரிசையில் 44ஐயும் மனப்பாடம் செய்யத் தொடங்குபவர்கள் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி விடமாட்டார்கள் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

மணியும் ஆண்டும்

‘ஸோங்’ என்றால் இரண்டு. ‘ஸோங் தும்’ என்றால் இரவு எட்டு. மாலை ஏழிலிருந்து எண்ணிக்கை மறுபடி ஒன்றில் தொடங்கும்: ஏழு மணி ‘நுங் தும்’, ஒன்பது ‘ஸாம் தும்’, பதினொன்று ‘ஹா தும்’. நள்ளிரவுக்குப் பின் ஒரு மணி ‘தீ நுங்’. விருந்துக்கு அழைப்பு வந்தால் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள், அல்லது 20 மணி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆண்டு புத்த சகாப்தம். ஆங்கில ஆண்டோடு 543ஐக் கூட்ட வேண்டும். 2026 அங்கே 2569. பால் பாக்கெட்டில் 69 என்று மட்டும் அச்சிட்டிருந்தால் பயப்பட வேண்டாம். இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே கூட்டிப் பழகிய எண்ணில் ஓர் ஆண்டு வித்தியாசம் வரும். 2500ஆம் ஆண்டை இலங்கை 1956இல் கொண்டாடியது, தாய்லாந்து 1957இல்.

கோயிலுக்குள்

மக்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தேரவாத பௌத்தர்கள். கோயில் ‘வத்’. அதற்குள் எட்டுத் திசையிலும் எல்லைக்கல் நட்ட கட்டடம் ‘போத்’. துறவு கொடுப்பது போன்ற சங்கச் சடங்குகள் அங்கே. பொதுமக்கள் கூடிக் கும்பிடும் மண்டபம் ‘விஹான்’. தோளும் முழங்காலும் மூடிய உடை, வாசலில் செருப்பு. வாசல் கட்டையை மிதிக்காமல் தாண்டுங்கள்.

உள்ளே போனதும் சுற்றக் கூடாது, உட்கார வேண்டும். மண்டியிட்டு, ஆண்கள் கால்விரலை ஊன்றியும் பெண்கள் பாதத்தைத் தட்டையாக வைத்தும் குதிகால் மேல் உட்காருவார்கள். கையை மார்பில் கூப்பி, நெற்றிக்கு உயர்த்தி, குனிந்து இரு உள்ளங்கைகளையும் தரையில் பதித்து, நடுவே நெற்றியை வையுங்கள். மூன்று முறை. பிக்குவுக்கும் இப்படி மூன்று. பெற்றோருக்கும் இறந்தவருக்கும் ஒரே முறை, அதுவும் உள்ளங்கையை விரிக்காமல் கூப்பியபடியே. சாஷ்டாங்கமாக நெடுக விழ வேண்டாம், கால் பின்னால் இருப்பவர்களை நோக்கிவிடும். வணங்கியபின் இரு காலையும் ஒரு பக்கமாக மடக்கிக்கொள்ளுங்கள். சம்மணம் ஆண்களுக்கு ஓரளவு ஒத்துக்கொள்ளப்படும். பாதம் புத்தரை நோக்கி நீள்வதை ஒருவரும் பொறுக்க மாட்டார்கள்.

ஊதுபத்தி மூன்று. பெண்கள் பிக்குவைத் தொடக்கூடாது, அவர் கையில் எதையும் நேராகக் கொடுக்கவும் கூடாது. அவர் விரிக்கும் துணியின் மேல் வைக்க வேண்டும். பேருந்திலும் பக்கத்தில் உட்காருவதைத் தவிர்ப்பது நல்லது. புத்தர் சிலை வாங்கி ஊருக்கு எடுத்துவர நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும் என்பதை வாங்குமுன் நினைவில் வையுங்கள்.

விடியற்காலை உணவிடுதல்

தெருவில் வரும் பிக்குகளுக்கு உணவிடுவதற்கு ‘தக் பாத்’ என்று பெயர். பௌத்தர் அல்லாதவரும் செய்யலாம். அக்கம்பக்கத்தோடு பழக இதைவிட நல்ல வழி இல்லை.

1. காலை 5.30 முதல் 7 மணிக்குள் சந்தைப் பக்கம் போங்கள். சோறு ஒரு பை, குழம்பு ஒரு பை, தண்ணீர் பாட்டில், பூ என்று ஒரு பிக்குவுக்கான தொகுப்பு கட்டியே விற்பார்கள். பைகளைக் காற்றடைத்து ரப்பர் வளையத்தால் இறுக்கியிருப்பார்கள். கசிகிறதா என்று கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள், பிக்குவின் பாத்திரத்துக்குள் கொட்டினால் மற்ற எல்லாம் கெடும்.

2. பிக்கு பக்கத்தில் வந்ததும் ‘நிமோன் க்ரப்’ அல்லது ‘நிமோன் க’ என்று மெல்லச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து கூவாதீர்கள்.

3. செருப்பைக் கழற்றுங்கள். கழற்றிய செருப்பின் மேலேயே நிற்பவர்கள் உண்டு. வெறுங்காலோடு வரும் பிக்குவைவிட உயர்ந்து நிற்பதாகிவிடும்.

4. உணவை நெற்றி வரை உயர்த்தி மனதுக்குள் வேண்டிக்கொண்டு, சோற்றை முதலில், பிறகு குழம்பு, பிறகு இனிப்பு என்று பாத்திரத்தில் இடுங்கள். பூவை மூடியின் மேலோ பையிலோ வாங்கிக்கொள்வார்.

5. குத்துக்காலிட்டோ மண்டியிட்டோ கை கூப்புங்கள், பாலியில் ஆசி சொல்வார். சிலர் அப்போது ஒரு சின்னக் குடுவையிலிருந்து இன்னொன்றில் தண்ணீர் வார்ப்பார்கள், இறந்தவர்களுக்குப் புண்ணியம் போய்ச் சேர. கோயிலில் பலர் சேர்ந்து ஓதும்போது மூத்தவர் தனியாக ‘யதா’ என்று தொடங்கியதும் வார்க்கத் தொடங்கி, மற்றவர்கள் ‘ஸப்பீ’ என்று சேரும்போது முடித்துவிட வேண்டும். அந்தத் தண்ணீரை மரத்தடியில் ஊற்றுவார்கள்.

பச்சரிசி, பருப்பு என்று சமைக்க வேண்டியதைக் கொடுக்காதீர்கள், அவர்கள் சமைப்பதில்லை. நண்பகலுக்குப் பின் உண்பதும் இல்லை. பணத்தைப் பாத்திரத்தில் போடாமல் கோயில் உண்டியலில் போடுங்கள். சைவம்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை, இடுவதை உண்பதே அவர்கள் விதி.

பிக்குகளுக்குக் கொடுப்பதற்காகக் கடைகளில் மஞ்சள் வாளியில் தொகுத்து விற்கும் ‘ஸங்கதான்’ பொருட்களைக் கண்ணை மூடி வாங்க வேண்டாம். மேலே பளபளப்பு, அடியில் காலாவதியானது இருக்கக்கூடும். தேயிலையைச் சோப்புத்தூளோடு சேர்த்துக் கட்டியிருந்தால் தேநீர் முழுக்கச் சோப்பு வாடைதான். வெறும் வாளி வாங்கி, பற்பசை, மருந்து, துண்டு, பேனா என்று நாமே நிரப்புவது மேல்.

சாவு வீடு

அலுவலகத்தில் சேர்ந்த சில மாதங்களில் யார் வீட்டிலாவது போக வேண்டி வரும். இடம் பெரும்பாலும் கோயில் மண்டபம், நேரம் மாலை ஏழு மணி வாக்கில், மூன்று, ஐந்து அல்லது ஏழு இரவுகள். கறுப்பு அல்லது வெள்ளை உடை. முதலில் புத்தரை மூன்று முறை வணங்கி, பிறகு பெட்டிக்கு முன் ஊதுபத்தி ஒன்றே ஒன்று. மூன்று ஏற்றுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. ஓதல் நான்கு சுற்று, அது நடக்கையில் கை கூப்பியே இருக்க வேண்டும். இடைவேளையில் தண்ணீரும் பலகாரமும் தருவார்கள், மறுக்க வேண்டாம். பணத்தை உறையில் பெயரெழுதிக் கொடுங்கள். எரியூட்டும் நாளில் ‘தோக் மாய் சன்’ என்ற சந்தனப்பூ ஒன்று தருவார்கள், அதை வைத்துவிட்டு வர வேண்டும். வெள்ளிக்கிழமை எரியூட்ட மாட்டார்கள்: கிழமையின் பெயர் ‘ஸுக்’, சுகத்துக்கும் அதே ஒலி.

கல்யாணத்துக்கு நேர் எதிர். கறுப்பு மட்டும் கூடாது.

சைவர்களுக்கு

‘மங்ஸவிரத்’ என்ற சொல் மாமிச விரதிதான், கேட்டதும் நம்பிக்கை வரும். ஆனால் முட்டை வரலாம், மீன் சாறும் வரலாம். அதை இறைச்சியாகவே பலர் எண்ணுவதில்லை. கேட்க வேண்டியது ‘ஜே’, அதாவது முழுச் சைவம். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும் கடையில் மீன் சாறு, இறால் விழுது, முட்டை, பால் எதுவும் இல்லை. வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. சாதாரணக் கடையில் மூன்றைத் தனித்தனியாகச் சொல்லுங்கள்: ‘மை ஸை நாம் ப்லா’ (மீன் சாறு வேண்டாம்), ‘மை ஸை கபி’ (இறால் விழுது வேண்டாம்), ‘மை ஸை நாம்மன் ஹோய்’ (சிப்பிச் சாறு வேண்டாம்). இங்கே ‘மை’ இறங்க வேண்டும், ஏறினால் கேள்வி மாதிரி ஆகிவிடும். பப்பாளிச் சாலட்டை இடிக்கும் உரலிலேயே முந்தைய ஆளின் நண்டு இருந்திருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடக் கரண்டி வலக்கையில், முள் இடக்கையில் தள்ளுவதற்கு. குச்சி நூடுல்ஸுக்கு மட்டும்.

தலை, கால், அரசர்

நாம் ஆசியாகக் குழந்தையின் தலையில் கை வைப்போம், அங்கே வைக்காதீர்கள். உட்கார்ந்திருப்பவரைத் தாண்டாதீர்கள், குனிந்து சுற்றிப் போங்கள். காலை 8, மாலை 6 மணிக்கு நாட்டுப்பண் ஒலித்தால் நின்றுவிடுங்கள். திரையரங்கில் அரசர் பண்ணுக்கு எழுந்து நில்லுங்கள். எழாத உள்ளூர்க்காரர்களைப் பார்த்து உட்கார வேண்டாம். உருண்டோடும் நாணயத்தைக் காலால் மிதித்து நிறுத்தக் கூடாது, அதில் அரசர் உருவம் இருக்கிறது. தண்டனைச் சட்டம் 112ஆம் பிரிவு அரச குடும்பத்தை இழிவுபடுத்துவதற்கு ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு சிறை வைக்கிறது. சமூக ஊடகத்தில் பகிர்ந்ததற்கே வழக்குகள் உண்டு. நண்பர்களுக்குள்கூட இந்தப் பேச்சைத் தொடாதீர்கள்.

தெற்கே பத்தானி, யாலா, நராதிவாத் மாநிலங்களில் மலாய் பேசும் முஸ்லிம்களே பெரும்பான்மை. அங்கே மேலே சொன்ன பலவும் பொருந்தாது, ‘ஸலாம்’ போதும்.

நம் சாமிகள்

சீலோம் சாலையும் பான் சாலையும் சேரும் முனையில், 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. ‘வத் கேக்’ என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். கேக் என்றால் விருந்தாளி, இந்தியர்களையும் அப்படிச் சொல்வார்கள். திட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கும்பிட வருகிறவர்களில் உள்ளூர் பௌத்தர்களே மிகுதி. நவராத்திரி முடிவில் தேர் கிளம்பும் இரவு சீலோம் சாலையில் வண்டி போகாது, அன்று அந்தப் பக்கம் டாக்சி பிடிக்க நினைக்காதீர்கள்.

பெரிய ஊஞ்சல் கம்பத்துக்கு அருகே 1784இல் முதலாம் ராமா எழுப்பிய தேவஸ்தான் இருக்கிறது, அரண்மனைப் பிராமணர்களின் கோயில். அந்தக் கம்பத்தில் சடங்காக நடந்த ஊஞ்சல் ஆட்டம் 1935இல் நின்றுபோனது. ‘த்ரீயம்பவாய், த்ரீபவாய்’ சடங்கு மட்டும் நம் மார்கழி, தை வாக்கில் இன்றும் நடக்கிறது. திருவெம்பாவை, திருப்பாவைதான் அந்தப் பெயர்கள். போகிறவர்கள் வெள்ளை உடுத்தி, பின்வரிசையில் கால் மடக்கி உட்காருங்கள். கூட ஓதிவிடலாம் என்று நினைத்துப் போக வேண்டாம்: பல தலைமுறை செவிவழி வந்ததில் ல், ர் எல்லாம் ‘ன்’ ஆகி, சுருதியும் ஏறி, இடையில் ஒரு சொல் பிடிபட்டாலே பெரிது.